கதையுலகிற்கு ஒரு வழிகாட்டி

(சாம்பியன் ரீப்ஸில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பலர் பேசிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் புகைவண்டி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எம்மையும் பேசப் பணித்துள்ளீர்கள். இலக்கியத்தை ஆராயும் ஆற்றல் எமக்கில்லை. ஆயினும் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதுதல் எமது அன்றாடத் தொழில். ஆதலின், பெயர்களை வரிசைப்படுத்தியே அழியாப் புகழ் எய்திய ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

சென்ற ஆண்டுத் திருவிழாவின்போது, நம் லைன் வீடுகளுக்கு அருகே ‘அரவான் களப்பலி’க் கூத்து நடந்தது. எம் மகள், “அப்பா, அரவான் யார்? அவனை ஏன் பலி கொடுக்கிறார்கள்?” என்று வினவினாள். “அருச்சுனன் மகன்” என்றோம். “அப்படியானால் அவன் தாய் யார்?” என்றாள். விடை தெரியாது விழித்தோம். எம் அண்டை வீட்டில், சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டிருந்தால் விடியுமட்டும் சொல்லியிருப்பார். அவரோ அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். மறுநாள் சங்க நூலகத்தில், அட்டை நைந்த அபிதான சிந்தாமணியைப் புரட்டினோம். அருச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்தவன் அரவான் என்பதை அதிற் கண்டோம். அந்நூலின் அருமை அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

இராமாயணம், பாரதம், பதினெண் புராணங்கள், காப்பியங்கள், தல புராணங்கள் என்று நம் முன்னோர் படைத்தளித்த கதையுலகம் மிகப் பெரிது. அதில் வாழும் மாந்தரோ எண்ணிலர். ஒருவர்க்கே பல பெயர். ஒரு பெயரிலே பலர். பார்த்தனும் விசயனும் தனஞ்சயனும் ஒருவனே என்பதை அறியாதவன் பாரதத்துள் வழி தப்பிவிடுவான். எமது அலுவலகத்திலும் இத்தொல்லை உண்டு. பௌரிங்பேட்டை என்னும் பழம்பெயரைப் பழைய ஏட்டில் காண்பவனுக்கு, அதுவே இன்றைய பங்காரப்பேட்டை என்று எடுத்துரைக்கும் குறிப்பு ஒன்று வேண்டும். அஃது இல்லையேல் ஏடு இருந்தும் பயனில்லை.

கதையுலகிற்கு அத்தகைய குறிப்பேடு ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று கனவு கண்டவர் ஆ. சிங்காரவேலு முதலியார். அவர் மன்னரால் அமர்த்தப்பட்ட ஆஸ்தானப் புலவர் அல்லர்; சென்னையில் பச்சையப்பன் கல்விநிலையத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர். எழுதித் தருமாறு எவரும் அவரைக் கேட்கவில்லை. 1890ஆம் ஆண்டளவில் தாமே தொடங்கினார். கணிப்பொறியும் இல்லை, உதவிக்கு ஒரு குழுவும் இல்லை. நூல்களைப் படித்துப் படித்து, பெயர்களை எடுத்தெழுதி, அகர வரிசையில் அமைத்தார். பணி நடந்துகொண்டிருக்கும்போதே கதையுலகமும் விரிந்துகொண்டிருந்தது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். ஒவ்வொரு நூலும் வெளிவருந்தோறும் புதிய பெயர்கள் வந்து குவிந்தன. முடிந்தது என்று எழுதுகோலைக் கீழே வைக்க இயலாத பணி அது.

இக்கனவு கண்டவர் அவர் ஒருவரே அல்லர். யாழ்ப்பாணத்து மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதான கோசம் என்னும் நூலை வெளியிட்டார். முதலியாரின் நூல் அதனினும் பன்மடங்கு பெரிது. ஆதலின் அதனை அச்சேற்றுதல் எளிதாக இல்லை. இறுதியில், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளல் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக அபிதான சிந்தாமணி வெளிவந்தது. அடுத்த ஆண்டே தேவர் மறைந்தார். முதலியாரோ அதன்பின்னும் ஓயவில்லை. மேலும் மேலும் சேர்த்தெழுதினார். 1931இல் அவர் மறைந்தார். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934இல் அவர்தம் மைந்தரால் வெளிவந்தது. ஆசிரியர் அதனைக் காணவில்லை, நாம் காண்கின்றோம்.

மேலைநாட்டிலும் இத்தகையோர் உளர். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தாமே கற்பித்த ஓர் உலகத்தை 1954, 1955ஆம் ஆண்டுகளில் பெருங்கதையாக வெளியிட்டார். அதன் ஊர்களுக்கும் மாந்தர்க்கும் இராபர்ட் பாஸ்டர் என்னும் வாசகர் 1971இல் ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். டோல்கீன் மறைந்தபின் 1977இல் மற்றொரு நூல் வெளிவரவே, 1978இல் பாஸ்டரும் தம் நூலை விரித்தெழுத நேர்ந்தது. கதை வளர்ந்தால் வழிகாட்டியும் வளர்ந்தே தீரவேண்டும் போலும்!

அன்பர்களே! அச்சேறிய கதைகளுக்கே இவ்வளவு உழைப்பு வேண்டுமாயின், அச்சேறாத கதைகளின் நிலை யாது? அரவானையே கொள்வோம். வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாட் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் மடிகின்றான். நம் கூத்திலோ போர் தொடங்குமுன் காளிக்குத் தன்னையே பலியாகத் தருகின்றான். வெட்டுண்ட தலையோடு பதினெட்டு நாட் போரையும் பார்க்கின்றான். இக்கூத்தை வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் தோண்ட வந்த நம் பாட்டன்மார் தம் நெஞ்சில் சுமந்து வந்தனர். பத்தாயிரம் அடி ஆழத்தில் பாறை உடைத்த கைகளே இரவில் புயக்கட்டை அணிந்து ஆடின. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் களைத்து வருகின்றனர். அவர்கட்குக் கதை கேட்கவும் பொழுதில்லை. சொல்லும் பெரியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர்.

ஆதலின் ஒன்றை நாணத்தோடு கூறுகின்றோம். ஓர் அலுவலகக் குறிப்பேட்டில், நம் ஊர்க் கூத்தில் வரும் மாந்தரின் பெயர்களை அகர வரிசையில் எழுதத் தொடங்கியுள்ளோம். அவர் எவர் மகன், எந்த இரவின் கூத்தில் வருவார், இங்கே அவர் கதையை எவ்வாறு சொல்லினர் என்பனவே குறிப்புகள். இதுவரை எழுதியவை நாற்பது பெயர்களே. அவற்றிலும் பல இடங்கள் வெறுமையாக உள்ளன. அவ்விடங்களை நிரப்பவல்லார் இவ்வவையில் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் யாம் நூலகத்தில் இருப்போம். பெரியோர்கள் வந்து சொல்லுங்கள். இளைஞர்கள் வந்து எழுதுங்கள்.

இப்பணி எம் காலத்தில் முடியாது போகலாம். முதலியாரின் இரண்டாம் பதிப்பும் அவர் காலத்திற்குப் பின்னரே வெளிவந்தது. ஆனால், இனியொரு குழந்தை “அப்பா, இவர் யார்?” என்று கேட்கும்போது, தந்தை விழிக்காதிருக்க ஓர் ஏடு வேண்டும். அவ்வளவே எமது அவா.