பக்கத்து சீட்டில் யார்?

மார்த்தாண்டம், நாகர்கோவில்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றாலே திருவனந்தபுரம்தான். வளைகுடாவுக்குத் தனியாகக் கிளம்பும் நர்ஸ் பெண்களை அங்கே பார்க்கலாம். அவர்களுக்குப் பக்கத்து சீட்டில் யார் என்பது சின்ன விஷயமா?

2017 ஜனவரியில் ஏர் இந்தியா, உள்நாட்டு விமானங்களில் தனியாக வரும் பெண்களுக்கு 6 இருக்கைகளை ஒதுக்கியது. 2024இல் இண்டிகோ, பெண்கள் எடுத்த இருக்கைகளைப் பெண் பயணிகளுக்கு மட்டும் காட்டத் தொடங்கியது. நம்ம ஊர் பஸ்ஸுக்கு இதெல்லாம் பழைய கதை!

யாராவது அத்துமீறித் தொட்டால், தலைக்கு மேலே இருக்கும் அழைப்பு பட்டனை அழுத்துங்கள். பணிப்பெண் டீ கொடுக்க மட்டும் வரவில்லை. விமானியிடம் சொல்வதும் அவர் வேலை. இந்தியாவின் 2017 விமானப் பயண விதிப்படி, அத்துமீறித் தொடுவது இரண்டாம் நிலைக் குற்றம். விமானியின் புகாரை, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். 6 மாதம் வரை பறக்கத் தடை.