அகராதியும் நூலட்டவணையும்: தனிநாயகம் அடிகளின் கல்விப் பணி



மொழியறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்கிறோம். எத்தனை நூல், எத்தனை பட்டம், எத்தனை மாநாடு என்று எண்ணிச் சொல்வது எளிது. பதவி உயர்வுக் குழுக்களும் அப்படித்தான் எண்ணுகின்றன. ஆனால் 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சேவியர் தனிநாயகம் அடிகளின் பணியை அந்த எண்ணிக்கைக்குள் அடக்கிவிட முடியாது என்பது நம் கருத்து.

முதலில் கிரேக்கப் புலமையின் பக்கம் சற்றே திரும்புவோம். 1843இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லிடெல், ஸ்காட் என்னும் இருவர் கிரேக்க–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டனர். லிடெல் பின்னர் கல்லூரித் தலைவராகப் பெரும்பதவி வகித்தவர். (அற்புத உலகம் கண்ட ஆலிஸ் என்னும் சிறுமியின் தந்தை என்றால்தான் பொதுமக்களுக்கு இன்று அவரைத் தெரியும்!) அவ்வகராதியைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே இருந்தார். எட்டாம் பதிப்பு 1897இல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். ஓமருக்குப் புதுவிளக்கம் தந்தவர் என்று அவரை எவரும் போற்றுவதில்லை. ஆயினும் ஆங்கிலத்தின் வழியே ஓமரைக் கற்கப் புகுந்தவர் அவருடைய அகராதியைத் திறவாமல் கடந்ததும் இல்லை. கிரேக்கத்தைப் பிறந்த நாடும் பேசும் மொழியும் வேறான மாணவனும் கற்கலாம் என்னும் நிலையை உண்டாக்கியவை இத்தகைய கருவி நூல்களே.

அடிகளார் இந்த மரபை அதன் உள்ளிருந்தே அறிந்தவர். 1913இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, கொழும்பில் குருமடக் கல்வி பெற்று, உரோமை நகரம் சென்றவர். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத் திருச்சபைக் குருமார் பற்றி அவர் செய்தது இலத்தீன் மூலங்களை அலசி ஆராயும் முனைவர் பட்ட ஆய்வு. தமிழிலக்கியத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கியதோ அதன் பிறகுதான். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது பண்டிதரை அடுத்து முறையாகப் பாடம் கேட்டார். முனைவர் பட்டத்தோடு வந்த குருவானவர் முப்பது வயதை அடுத்த பருவத்தில் மாணவராக அமர்ந்தார். பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலையும் அதற்குமேல் ஆய்வுப் பட்டமும் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய அவ்வாய்வே பிற்காலத்தில் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்னும் ஆங்கில நூலாயிற்று. திணைக் கோட்பாட்டைத் தமிழறியாத இலக்கிய மாணவனுக்கும் புரியும்படி, கிரேக்க, இலத்தீன் கவிதைகளின் அருகில் வைத்துக் காட்டிய நூல் அது.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த பணி தமிழ்த் துறையில் அன்று, கல்வியியல் துறையில். பழந்தமிழ் நூல்களில் கல்விச் சிந்தனை என்பதை ஆய்ந்து இலண்டனில் இரண்டாம் முனைவர் பட்டம் பெற்றதும் அத்துறையை ஒட்டியே. ஆகவே 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழை அவர் நடத்தியது ஊதியம் தரும் வேலைக்கு வெளியே. தமிழறிஞர் கட்டுரைகளும் மேனாட்டார் கட்டுரைகளும் அதில் ஒரே அட்டைக்குள் வந்தன. பிறர் கட்டுரையைக் கேட்டு வாங்குவதும் அச்சுப்பிழை பார்ப்பதும் புகழ் தராத வேலைகள். இதழ் நடத்தியவர்களுக்கு இது தெரியும்.

அவர் மலாயாவுக்கு வந்த துறையோ மக்களின் வேண்டுதலால் தமிழுக்குக் கிட்டியது. இப்பினாங்கில் 1816இல் தோன்றிய ஃபிரீ பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பை மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். அந்தத் தொடக்கப் பாடத்திற்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் இடையே 140 ஆண்டுகள் கழிந்தன. இந்திய ஆய்வியல் துறையில் வடமொழிக்கே முதலிடம் என்னும் பேச்சு எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். எளிய உழைப்பாளிகளும் அதற்குக் கொடுத்தார்கள். அத்தகைய துறையின் தலைமை, கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய தலைமை.

1964 சனவரி 7ஆம் நாள் புதுதில்லியில், கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்தோரைக் கூட்டி, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுப் பேராசிரியர் பிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. இவை நம் மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுபவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதே 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த இரு நூல்களை அந்த அளவு யாரும் சொல்வதில்லை. ஒன்று, அந்தாவோ தெ புரோயன்சா என்னும் போர்த்துக்கீசியத் துறவியின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. மதுரைப் பகுதியில் பணிசெய்த அவர் 1666இல் மறைந்தார். அகராதி கேரளத்து அம்பழக்காட்டில் 1679இல்தான் அச்சேறியது. எஞ்சிய படி வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததை அடிகளார் கண்டெடுத்து, உள்ளவாறே நிழற்படப் பதிப்பாக வெளியிடச் செய்தார். 16,000க்கும் மேற்பட்ட சொற்கள்! புலவர் நிகண்டுகள் தொடாத பேச்சுவழக்குகளும் அதில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் ஒரு சொல்லை எப்பொருளில் வழங்கினர் என்று அறிய விரும்புவோர்க்கு அது பெருஞ்செல்வம். மற்றொன்று, தமிழாய்வுக்குரிய நூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த ஆங்கில வழிகாட்டி. தமிழியலுக்குள் புதிதாக நுழைகிற ஒருவன், எந்த மொழிக்காரனாயினும், எங்கே தொடங்குவது என்று திகைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். மாநாட்டுப் பந்தல் ஒரு வாரத்தில் பிரிக்கப்பட்டது. இவ்விரு நூல்களும் நூலகத்தில் நின்றன.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. திணைக் கவிதை பற்றிய அந்த முதல் நூலுக்கு இணையாக இன்னொரு பெரும் இலக்கிய ஆய்வை அவர் எழுதவில்லை. எழுதும் ஆற்றல் இல்லாமல் அன்று; இதழ், மன்றம், துறை, அட்டவணை என்று காலம் பங்கிடப்பட்டுவிட்டது. இது இழப்பே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் தமக்கென எழுதியிருந்தால் ஒரு நல்ல நூல் கூடியிருக்கும். பிறர்க்கென உழைத்ததால் பலர் நூலெழுத வழி பிறந்தது. அவர் தேர்ந்தது சரியே என்று நாம் எண்ணுகிறோம். அவையிலுள்ள ஆய்வாளர் சிலர் ஒப்பமாட்டார்கள் என்பதும் தெரியும்.

முன்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு இது பழங்கதை அன்று. தமிழியல் படித்து நாளை விரிவுரையாளர் ஆக விரும்புவோர்க்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்படும். பினாங்கில் அச்சான பழைய தமிழ் இதழ்களுக்குச் சொல்லடைவும் நூலட்டவணையும் செய்ய ஐந்தாண்டு உழைத்தால், அது ஒரே உருப்படியாகத்தான் கணக்கில் ஏறும். ஆயினும் அந்த இதழ்களின் தாள் நமக்காகக் காத்திருப்பதில்லை. மழைக்கால ஈரமும் செல்லும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் கருவி நூல்களை முழு ஆய்வாக மதிக்க வேண்டும் என்று மொழிக் கழகம் எழுத்து மூலம் கேட்கலாம். அதுவரை அப்பணிக்கு ஒரு சிறு உதவித்தொகையேனும் தரலாம். கழகச் செயலாளரிடம் இவ்வேண்டுகோளை இங்கேயே வைக்கிறோம்.

அடிகளார் 1969இல் மலாயாவை விட்டுச் சென்றார். 1980இல், செல்வநாயகம் நினைவுச் சொற்பொழிவில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாய்வு கடந்து வந்த வழியும் இனிச் செல்ல வேண்டிய வழியும். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.