வள்ளல் அழகப்பர் வைத்துச் சென்ற செல்வம்



பெங்களூரின் வடமேற்கே துமகூர்ச் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யாத் தொழிற்பேட்டை. 1970-களில் உருப்பெற்று வளர்ந்த இப்பேட்டையில், லேத்துப் பட்டறையும் வார்ப்படச் சாலையும் முலாம் பூசும் கூடங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்த தமிழர் பலர் இங்கே தொழிலாளராக நுழைந்தனர். சிலர் காலப்போக்கில் பட்டறை முதலாளிகளாகவும் உயர்ந்தனர். கைக்கு வந்த பொருளை என்ன செய்வது என்னும் கேள்வி, இவ்வாறு உயர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒருநாள் எழவே செய்யும். அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து மறைந்த ஒரு தொழிலதிபரை இன்று நாம் நினைவுகூர்வோம். அவர்தாம் கோட்டையூர் ராம. அழகப்பச் செட்டியார்.

காரைக்குடிச் செல்வருக்கும் பீன்யாப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. இங்கே ஒரு முலாம் கூடத்தில் நடப்பதைக் கவனியுங்கள். கடைந்தெடுத்த இரும்புத் திருகாணியை முதலில் காரக் கரைசலில் இட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறார்கள். அமிலத்தில் தோய்த்துத் துருவை நீக்குகிறார்கள். பின்பு துத்தநாக உப்புக் கரைந்த தொட்டியில் அதனை எதிர்மின் முனையில் தொங்கவிடுகிறார்கள். நேர்மின் முனையில் துத்தநாகத் தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் தகட்டினின்று உலோகம் கரைந்து திருகாணியின்மேல் மெல்லிய போர்வையாகப் படிகிறது. காற்றும் ஈரமும் தாக்கும்போது துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு, இரும்பைக் காக்கிறது. மின்சாரமும் வேதிவினையும் கூடிச் செய்யும் இவ்வேலையின் இலக்கணத்தை ஆராய்வதே மின்வேதியியல். அந்த இயலுக்கென்று இந்திய நாடு நிறுவிய மத்திய ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் ஊர் காரைக்குடி. அது அங்கே அமைந்ததற்குக் காரணம் அழகப்பரின் கொடை.

நாடு விடுதலை பெற்ற காலத்தில், விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் தலைமையில் பல தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவி வந்தது. பெருநகரங்களுக்கு நடுவே, வறண்ட பூமியாகிய செட்டிநாட்டை யார் நினைத்திருப்பார்கள்? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாக முன்வந்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அங்கே அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். முலாம் பூசுதல், மின்கலம், உலோக அரிப்பைத் தடுத்தல் முதலிய துறைகளில் அந்நிலையம் இன்றளவும் உழைத்து வருகிறது. கடற்காற்று உலோகத்தை எவ்வாறு தின்கிறது என்று கண்டறிய மண்டபத்திலும் அதற்கு ஒரு கிளை உண்டு.

அழகப்பர் பிறந்தது 1909 ஏப்ரல் 6. வணிகக் குடியிற் பிறந்தும் கல்வியையே முதலில் நாடினார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார், லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார், விமானம் ஓட்டவும் அங்கே பயின்றார். திரும்பி வந்தபின் தொழிலில் இறங்கினார். மலையாள நாட்டில் திருச்சூருக்கு அருகே அவர் நிறுவிய நூற்பாலையைச் சுற்றி எழுந்த ஊர், இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. விமானக் கம்பெனி ஒன்றையும் தொடங்கினார், அது நீடிக்கவில்லை. வணிகத்தில் ஏற்றமும் இறக்கமும் அவருக்கும் இருந்தன. ஆயினும், லாபம் நிலைபெற்ற பிறகு கொடுப்போம் என்று அவர் ஒருநாளும் காத்திருக்கவில்லை.

அயல் மாநிலத்தில் வாழும் நாம் குறிப்பாக நினைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தாம் பொருளீட்டிய மலையாள மண்ணிலேயே, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஒரு துறை அமைய அவர் ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். அறிஞர் வையாபுரிப் பிள்ளை பின்னாளில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். ஈட்டிய இடத்தையும் மறக்கவில்லை, பிறந்த மொழியையும் மறக்கவில்லை. இரண்டுக்கும் பகை இல்லை என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டினார். 1944-இல் சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழவும் அவர் கொடையே துணைநின்றது.

1947 ஜூலை 3 அன்று சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரை நினைவுகூரும் விழா ஒன்று நடைபெற்றது. சென்னை நகருக்கு வெளியேயும் கல்லூரிகள் தோன்ற வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அங்கே வேண்டுகோள் விடுத்தார். அவையில் இருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்து, அப்போதே ஒரு லட்சம் ரூபாயை அளித்தார். நாற்பது நாட்களுக்குள், ஆகஸ்டு 11 அன்று, கல்லூரி திறக்கப்பெற்றது. சுதந்திரம் பிறக்க இன்னும் நான்கு நாட்கள் இருந்தன! சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திராமல், ஊரில் இருந்த மாளிகை ஒன்றிலேயே வகுப்புகள் தொடங்கின. 1952-இல் பொறியியற் கல்லூரி வந்தது. பெண் கல்விக்கென்று தாம் குடியிருந்த மாளிகையையே அவர் விட்டுக்கொடுத்தார். அவர் ஊன்றிய வித்து வளர்ந்து, 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமாக மலர்ந்தது.

இந்த விரைவுக்குப் பின்னே ஒரு துயரம் இருந்தது. அழகப்பரைத் தொழுநோய் பற்றியிருந்தது. இன்று அந்நோயை மருந்தினால் முற்றும் குணமாக்க முடியும். அக்காலத்திலோ நோயினும் கொடியது ஊராரின் விலக்கம். செல்வமும் அந்த விலக்கத்துக்கு முழு வேலியாக இராது. மற்றொருவராயின் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கியிருப்பார். அழகப்பரோ பிறர் பிள்ளைகளுக்காகக் கதவுகளைத் திறந்துகொண்டே சென்றார். பிரிட்டிஷ் அரசு அளித்த 'சர்' பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்தார். 1956-இல் பாரத அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1957 ஏப்ரல் 5 அன்று, நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒருநாள் முன்னதாக, அவர் மறைந்தார்.

நேயர்களே, நம்மிற் சிலர் நினைக்கக்கூடும்: "அவர் கோடீசுவரர், கொடுத்தார். நாமோ நாலு ஆட்களை வைத்து இரண்டு லேத்து ஓட்டுகிறோம். பில் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. வங்கிக் கடன் தலைமேல் நிற்கிறது. நமக்கு எதற்கு இந்தப் பெரியோர் கதை?" இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. சம்பளத்தைத் தாமதப்படுத்திவிட்டுக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பது தருமம் ஆகாது. முதற்கடன் உழைத்தவனின் கூலி. அடுத்த கடன், முலாம் தொட்டியின் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் சாக்கடையில் விடாதிருப்பது. அவற்றைச் செலுத்திய பிறகே கொடை.

எனினும், அழகப்பர் வாழ்வு கற்பிப்பது தொகையின் பெருமையை அன்று. அவர் கொடுத்தது பெரும்பாலும் கல்விக்கு. பசித்தவனுக்கு இட்ட சோறு ஒருவேளைக்கு ஆகும், அதுவும் வேண்டியதே. ஒருவனுக்குத் தந்த கல்வியோ அவன் பிள்ளைகளையும் சேர்த்துக் கரையேற்றும். இவ்வகைக் கொடைக்குச் சிறு பட்டறைக்காரரிடமும் பொருள் உண்டு. மைக்ரோமீட்டரைச் சரியாகப் படிக்கவும், வரைபடத்தைப் பார்த்து வேலையைப் புரிந்துகொள்ளவும் புதிதாய் வந்த பையனுக்குப் பொறுமையோடு கற்பிப்பது ஒரு கொடை. கூலிக்காரர் வீட்டுப் பெண் பிள்ளை பள்ளியினின்று நின்றுவிடாதபடி ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டுவது ஒரு கொடை. அந்தப் பையன் தமிழனா, கன்னடியனா, பீகாரியா என்று கேளாமலிருப்பது அதனினும் உயர்ந்த கொடை. இந்த மண் நம்மை அவ்வாறு கேட்டிருந்தால், நம்மில் எத்தனை பேர் இங்கே வேரூன்றியிருப்போம்?

கொடுப்பதாயின் இருக்கும்போதே கொடுக்க வேண்டும் என்பது அவர் வாழ்வு தரும் மற்றொரு பாடம். மூப்பு வரட்டும், மகன் தலையெடுக்கட்டும் என்று தள்ளிப்போட அவருக்கு நாள் இருக்கவில்லை. நமக்கு எத்தனை நாள் உண்டு என்பதையும் யாரும் எழுதித் தரவில்லை. வள்ளல் அழகப்பரை வணங்கும் நாம், இவ்வாண்டுக் கணக்கை முடிக்கும்போது வரவு செலவுக்குக் கீழே மேலும் ஒரு வரி எழுதி, அதில் ஒரு பிள்ளையின் படிப்பைச் சேர்த்துக்கொள்வோமாக.