மாணவர் கட்டிய அறைகள்: மாநாட்டுத் தலைமை உரை

இம்மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி செயற்குழுவினர் கேட்டபோது மகிழ்ந்தேன். இந்த மேடையில் எனக்கு முன் நின்றவர்களை எண்ணியபோது கலக்கமும் வந்தது. இத்துறையை ஆழக் கற்றவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே அரிச்சுவடியிலிருந்து தொடங்கப்போவதில்லை.

சமூக ஊடகத்தாலும் மெய்நிகர் உலகத்தாலும் கல்லூரி மாணவரை ஈடுபடுத்துவது எப்படி என்பது தலைப்பு. சமூக ஊடகம் பற்றிய கட்டுரைகள் இரண்டு நாளும் நிறைய வரவிருப்பதால் அதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ரே ஜுங்கோவும் தோழர்களும் 2011-இல் வெளியிட்ட ட்விட்டர் ஆய்வை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 125 மாணவர்களில் ட்விட்டரைப் பயன்படுத்திய 70 பேர் ஈடுபாட்டிலும் மதிப்பெண்ணிலும் மற்ற 55 பேரை முந்தினார்கள் என்பது முடிவு. ஆசிரியர்களும் அங்கே இறங்கி மாணவர்களோடு இடைவிடாமல் உரையாடினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. மேற்கோள் காட்டும்போது இந்தப் பகுதி விடுபட்டுவிடுகிறது. பலன் முழுவதும் கருவியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

இனி மெய்நிகர் உலகம். இது ‘தோற்றுப்போன சோதனை’ என்று எழுதிவரும் நண்பர்கள் இவ்வவையிலும் உண்டு. அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அவர்கள் காட்டும் சான்று எப்போதும் செகண்ட் லைஃப். 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய மெய்நிகர் உலகம் அது. 2006-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் சார்லஸ் நெஸ்ஸன் அங்கே ஒரு பாடமே நடத்தினார். பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அங்கே ‘தீவு’ எனப்படும் இடம் பிடித்தன. பிறகு தீவுகள் வெறிச்சோடின. இதுதான் அவர்கள் சொல்லும் கதை.

அந்தத் தீவுகளில் பலவற்றில் என்ன இருந்தது? தம் வளாகக் கட்டடங்களின் நகல். உள்ளே விரிவுரைக் கூடம், வரிசையாக நாற்காலிகள், எதிரே ஸ்லைடு காட்டும் திரை. மாணவர் தன் மெய்நிகர் உருவத்தைப் பறக்க வைத்துக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அதற்குமேல் அவருக்கு வேலை இல்லை. அங்கே தோற்றது விரிவுரைக் கூடம். பழியைச் சுமப்பது மெய்நிகர் உலகம். இத்துடன் பணக் கணக்கும் சேர்ந்தது. கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த பாதி விலைச் சலுகையை 2011 ஜனவரி முதல் நிறுத்துவதாக 2010-இல் லிண்டன் லேப் அறிவித்தது. 2013-இல் சலுகை திரும்ப வந்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

இந்த விவாதத்தில் யாரும் கைவைக்காத ஒரு சான்று உண்டு. சிந்தியா ஹெய்ன்ஸும் யான் ரூனே ஹோல்மெவிக்கும் தொகுத்து 1998-இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘ஹை வயர்டு’ நூல். கல்விக்கான ‘மூ’க்களைப் பற்றியது. மூ என்பது படமே இல்லாத, எழுத்தால் மட்டும் ஆன உலகம். பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் திறந்த லாம்டாமூ இவ்வகையில் புகழ்பெற்றது. ஹெய்ன்ஸும் ஹோல்மெவிக்கும் 1995-இல் டல்லஸிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிங்குவாமூவைத் தொடங்கினார்கள்.

அங்கே கட்டும் அனுமதி பெற்ற மாணவர் ஒரு கட்டளை தட்டினால் புதிய அறை பிறக்கும். ஆனால் அதற்குச் சுவரும் சன்னலும் வருவது அவர் எழுதும் வருணனையில்தான். எழுத்து மங்கினால் அறையும் மங்கும். அடுத்தவர் உள்ளே நுழைந்து படித்து, புரியவில்லை என்று அங்கேயே சொல்வார், இவர் திருத்துவார். கட்டுரைப் பயிற்சி ஆசிரியர்கள் மூவை நாடிப் போனதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? அதோடு, அந்த மென்பொருள் இலவசம். பல்கலைக்கழகமே தன் சர்வரில் நடத்தலாம். எந்த நிறுவனமும் விலையை ஏற்றி மாணவரை வெளியேற்ற முடியாது.

மாணவர் கையில் உரிமை கொடுத்தால் அத்துமீறல் நடக்கும் என்று ஒரு மூத்த அறிஞர் முன்பு என்னை மறுத்து எழுதினார். நியாயமான அச்சம். லாம்டாமூவில் ஒருவர் பிறர் மீது நடத்திய எழுத்துவழி வன்முறையை ஜூலியன் டிபெல் 1993-இல் வில்லேஜ் வாய்ஸ் இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள் என்பதே அந்த அறிஞருக்கு என் பணிவான பதில். அங்கிருந்தவர்கள் கூடி வாதாடினார்கள். தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டார்கள். பின்னர் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையைக் கர்ட்டிஸ் ஏற்படுத்தினார். குடிமையியல் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கத் திணறுவதை அவர்கள் செய்தே பார்த்தார்கள். அத்துமீறலைத் தடுக்க விதி வேண்டும். அவ்விதியை ஆக்குவதில் மாணவருக்கும் பங்கு வேண்டும்.

இனி நம் பக்கம் பார்ப்போம். நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் பல ‘அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று பூட்டப்பட்டவை. அவை அறிவிப்புப் பலகைகள். மாணவர் பாடத்தைப் பற்றிப் பேசுவது, நம்மைச் சேர்க்காமல் அவர்கள் தனியே நடத்தும் குழுவில். ஈடுபாடு குறைந்துவிட்டது என்று இம்மாநாட்டில் யாரேனும் சொன்னால், எந்தக் குழுவில் அளந்தீர்கள் என்று கேட்பேன். புதிய தளமோ, தலையில் மாட்டும் கருவியோ வாங்கச் சொல்லும் கட்டுரை வந்தால், மாணவர் அதில் எதைக் கட்டலாம், கட்டியது யாருடைய சர்வரில் இருக்கும் என்று கேட்பேன். கட்டுரையாளர்கள் இந்த விடைகளோடு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.