கல்லூரி முடிந்தபின் ஆட்டம் எங்கே போகிறது?

(காரைக்காலில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கூடைப்பந்து பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நானும் ஆடியவள்தான், பாதி நேரம் பெஞ்சில். எங்கள் அணியில் ஒருத்தி இருந்தாள். திருநள்ளாறு பக்கம் ஒரு சேரியிலிருந்து வருவாள். அம்மாவுக்கு நடவு, களையெடுப்பு. மூன்று பேர் மறித்தாலும் தாண்டிப் போய்க் கூடையில் போடுவாள். தேர்வு என்றால் புதுச்சேரிக்குப் போகவேண்டும். ஏறக்குறைய 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து. பஸ் காசும் போகும், அன்றைய கூலியும் போகும். இரண்டு முறை போனாள், மூன்றாம் முறை போகவில்லை. பட்டம் வாங்கினாள், ஆட்டம் முடிந்தது. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள்.

உண்மையான திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்பார்கள். லூசியா ஹாரிஸ் கதையைக் கேளுங்கள்.

அவரும் டெல்டாக்காரர்தான், மிசிசிப்பி டெல்டா. இங்கே நெல், அங்கே பருத்தி. 1955இல் மின்டர் சிட்டியில், நிலத்தில் உழைத்த கறுப்பினக் குடும்பத்தில், 11 பிள்ளைகளில் 10ஆவதாகப் பிறந்தார். சிறுமியாகப் பருத்தி எடுத்தவர். அதே ஆண்டு, அதே லெஃப்லோர் கவுண்டியிலிருந்துதான் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் தூக்கிப்போய்க் கொன்றார்கள். வெள்ளை ஜூரி கொலைகாரர்களை விடுவித்தது. வெண்மணி வழக்கு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்வி நிலையங்களில் பெண் என்பதால் ஒதுக்கக்கூடாது என்று 1972இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் கைவிட்ட பெண்கள் அணியை டெல்டா ஸ்டேட் கல்லூரி 1973இல் மீண்டும் தொடங்கியது. அதில் லூசியா சேர்ந்தபோது அணியில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர்தான். உயரம் ஆறடி மூன்றங்குலம். 1975, 1976, 1977 என மூன்று ஆண்டும் தேசியப் பட்டம் அந்த அணிக்கு. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக நடந்தது 1976இல் மான்ட்ரியலில். அதன் முதல் கூடையைப் போட்டவர் லூசியா.

பிறகு? ஆண்களின் என்.பி.ஏ.வில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி 1977இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. செய்தியாக நன்றாகத்தான் இருந்தது. அவர் அப்போது கர்ப்பிணி, போகவில்லை. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. ஆடத் தொடங்கியது 1997இல். கல்லூரிக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஹூஸ்டனில் ஒரு சிறு லீக்கில் கொஞ்ச காலம். மனநோயோடு போராடினார், பள்ளியில் பயிற்சியாளராக வேலை பார்த்தார். 2022 ஜனவரியில் இறந்தார். அவரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது அந்த மார்ச்சில்.

இனி நம் பக்கம். சென்னையின் அனிதா பால்துரை, 1985இல் பிறந்தவர். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75–73 என இந்தியா வென்றபோது அவருக்கு வயது 32. 2021 பத்மஸ்ரீ பட்டியலில் 'பி. அனிதா' என்றிருப்பது இவர்தான்.

லூசியாவைவிட அனிதா பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. அனிதாவுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை இருந்தது. மாதச் சம்பளம், பிரசவ விடுப்பு, திரும்பி வந்தால் உட்கார ஒரு நாற்காலி. பெண்களுக்கு நிலையான லீக் இல்லாத நாட்டில் அந்த வேலைதான் லீக். தேசியப் போட்டிகளில் ரயில்வே பெண்கள் அணி ஏன் இவ்வளவு காலம் கோலோச்சுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டு ஒதுக்கீடெல்லாம் சின்ன விஷயம், நிலம்தான் கேள்வி என்று நம் தோழர்களே சிலர் சொல்வதுண்டு. நிலம் கேள்விதான். ஆனால் நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாக மாறும்போது யார் ஆட்டத்தை விடுகிறார்கள்? அப்பா கையில் காசிருக்கிற பெண் இரண்டு வருடம் காத்திருப்பாள். நடவுக்காரம்மா மகள் அடுத்த மாதமே கடைக்குப் போவாள்.

என் தோழிக்கு ரயில்வே வேலை கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. மூன்றாவது தேர்வுக்குப் போயிருப்பாள், அது மட்டும் தெரியும்.

வாசலில் மேசைமேல் ஒரு மனு வைத்திருக்கிறோம். கேட்பது இரண்டே. தேர்வு முகாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது காரைக்காலில் நடக்கவேண்டும். வெளியூர் போகும் மாணவிக்குப் பயணப்படியைப் போவதற்கு முன்பே கையில் தரவேண்டும், வந்தபின் ரசீது கேட்டு அல்ல. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். டீ வந்துவிட்டது.