பஸ்ஸரும் விளக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஓசூர் சிப்காட்டில் மெஷினோடு மல்லாடுகிறவன் நான். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

காது கேளாதவர்கள் ஆலை வேலைக்கு வருவது ஓசூருக்குப் புதிதல்ல. 1980-களில் வந்த டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையே அவர்களை வேலைக்கு எடுத்த ஆலைதான். எங்கள் கம்பெனியிலும் நாலு பேர் உண்டு. ஷிஃப்ட் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, செல்போனைக் கம்பியில் சாய்த்துவைத்து, வீடியோவில் கையாலேயே அரட்டை அடிப்பார்கள். எதிர்முனையில் இருப்பவர் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர். நமக்குத்தான் செக்போஸ்ட் தாண்டினால் பாஷைத் தகராறு!

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். அவங்க வாழ்க்கையை அவங்க போன்ல காட்டிக்கிறாங்க, அவ்வளவுதானே?

எங்கள் கன்வேயர் நின்று மறுபடி ஓடுமுன் பஸ்ஸர் அடிக்கும். அதை அமைத்தவன் நான். ஒருநாள் பஸ்ஸர் அலறுகிறது, எல்லோரும் விலகிவிட்டோம். ஒரு தம்பி மட்டும் உள்ளே கைவிட்டு, சிக்கிய அட்டையை எடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்தார். சட்டைக் கை கிழிந்தது, கை தப்பியது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் அந்தத் தம்பி செல்போனை நீட்டினார். வேறேதோ ஊர் ஆலையில், மெஷின் தலையில் சுழலும் விளக்கைக் காட்டி ஒரு தொழிலாளி சைகையில் விளக்குகிறார். கீழே எனக்காக டைப் செய்திருந்தார்: "சார், இங்க ஏன் இல்லை?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாளில் விளக்கு மாட்டினோம். இப்போது அதுவும் வீடியோவாகச் சுற்றுகிறதாம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். சக பயணி ஃபேஸ்புக்கில் எழுதியது நாடெங்கும் பரவியது. அதே மாதம் 5 லட்சம் ரூபாய் அபராதம்; பிறகு விதியையே திருத்தினார்கள். சட்டம் 2016-லேயே வந்துவிட்டது, அசைந்தது என்னவோ அந்தப் பதிவுக்குத்தான்.

ஆனால் ஒற்றைக்காலில் மலையேறுகிறவர் வீடியோவுக்கு லைக் போட்டுவிட்டு நாமும் ஏதோ செய்துவிட்டதாக நினைக்கிறோமே, அது எனக்கு உறுத்துகிறது. நான் படித்தபோது நம் லேப் வாசலில் ஏழு படி. காலையில் எண்ணிப் பார்த்தேன், இன்றும் ஏழு. சாய்தளம் போட என்ன ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். டீ இடைவேளையில் என்னை வந்து பாருங்கள்.