பூச்சி மருந்துக்கு ஒரு பூட்டு

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்கின் சமூகப் பணிக்குழு சார்பில் ஆற்றிய உரை)



விழா மேடையில் தற்கொலையைப் பற்றிப் பேசலாமா என்று எங்கள் குழுவிலேயே சிலர் கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இளம் வயதினரின் சிலுவைகளைப் பார்த்துவிட்டு வந்தபின் அந்தக் கேள்வியை விட்டுவிட்டோம்.

கொல்லும் நஞ்சை நாம் 'மருந்து' என்கிறோம். மணிலாவுக்கும் நெல்லுக்கும் அடித்தது போக மிஞ்சியதை வீட்டுக்குள் வைக்கிறோம். கணவன் மனைவி சண்டை, கடன்காரர் சொன்ன ஒரு சொல், தேர்வில் தோல்வி, குடி; அந்த நேரத்து வேதனை பல பேருக்கு அரைமணியில் தணிந்துவிடக் கூடியது. நஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அந்த அரைமணி கிடைப்பதில்லை. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு அவ்வழியில் இறப்பதில்லை என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை.

நம் மறைமாவட்டத்துக்குள்ளேயே, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' அமைப்பின் முயற்சி அது. இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு அமைத்து, வங்கி லாக்கர் போல் விவசாயிகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகள் கொடுத்தார்கள். ஒரு சாவி விவசாயியிடம், இன்னொன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். கிடங்கு இல்லாத வேறு இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். கிடங்கு இருந்த ஊர்களில் நஞ்சருந்தும் சம்பவங்கள் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் ஊரார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தால் போதாதா? இலங்கையில் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில் அப்படிச் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். நம் வீடுகளிலும் சாவி ஆணியில்தானே தொங்கும்! அந்நாட்டில் பலன் தந்தது கொடிய நச்சுகளை அரசு தடை செய்தது. 1995-இல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை, பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. தடை செய்வது அரசின் வேலை. கிடங்கு நம் வேலை.

அதை நம் கோயில் வளாகத்தில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வக்கரகாளியம்மன் கோயில் தெருக்காரர்களும் தயங்காமல் வரும்படி, ஊராட்சியிடம் பொது இடம் கேட்போம்.

இன்னும் இரண்டு பயங்கள் ஊரில் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வழக்கு என்பது ஒன்று. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிப்பதில்லை. ஆகவே ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அடுத்தது, கல்லறையில் இடம் கிடைக்காது என்பது. சுவருக்கு வெளியே புதைத்த காலம் இருந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அப்படி ஒருவரை இழந்த வீட்டுக்கு நாம் போகாமல் இருந்திருக்கிறோம். அதற்காக அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மனம் தாளாதவர்கள் 14416 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம். கிடங்குச் சாவிக்குப் பொறுப்பேற்க ஆண்களும் பெண்களுமாக ஆறு பேர் வேண்டும். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலக வாசலில் பெயர் எழுதிக்கொள்கிறோம்.